கண்ணாடியும் நகலும்

சர்வர் என்ற சொல் எனக்கு முதலில் ஓட்டலில்தான் அறிமுகமாயிற்று. தோளில் ஒரு துண்டு, ஒரு கையில் நாலு தம்ளர், வாயில் மூச்சு விடாமல் பதினைந்து பலகாரத்தின் பெயர். 1964-ல் 'சர்வர் சுந்தரம்' படம் வந்து, நாகேஷ் அந்த வேஷத்தைக் கட்டிய பிறகு, தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆகவே 2015-ம் வருஷம் திருநெல்வேலியில் என் பதிப்பாள நண்பர், "நம்ம ஆபீசுக்கு ஒரு சர்வர் வந்திருக்கு, பாக்க வாங்க" என்று கூப்பிட்டபோது, கம்ப்யூட்டர் சமாசாரம் என்று தெரிந்திருந்தும், "சம்பளம் எவ்வளவு, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சம்பளம் கெடையாது. கரண்ட் பில்லுதான்" என்றார்.

போய்ப் பார்த்தேன். பைண்டு செய்யாத பாரங்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த பின்னறையில், ஒரு மூலையில் கறுப்பாக ஒரு பெட்டி நின்றது. சாதாரணக் கம்ப்யூட்டரைவிடக் கொஞ்சம் உயரம், கொஞ்சம் பருமன். அண்ணாச்சி அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு, கன்றுக்குட்டியை வாங்கி வந்தவர் போலப் பேசினார்.

"ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணு மேல இடி விழுந்தாலும் இன்னொண்ணு நிக்கும். ரெய்டு போட்டிருக்கு, மிரர். உங்க அம்மா குரலை இதுல கொண்டாந்து போடுங்க. எங்கயும் போகாது."

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அம்மாவின் குரல் என்று அவர் சொன்னது இது. 2012-லிருந்து மூன்று வருஷம், ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு போய் அம்மாவைப் பேசவைத்தேன். பஞ்ச காலத்துக் கதைகள், நாற்று நடவுப் பாட்டு, ஒப்பாரி, ஊரில் யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் கிணற்றில் எவள் விழுந்தாள் என்ற விவரம் எல்லாம். "ஏ எய்யா, இந்த டப்பாகிட்டதான் சொல்லணுமா? ஒங்கிட்டச் சொன்னா ஆகாதா?" என்று ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்தில் கேட்பாள். மொத்தம் 46 மணி நேரம். நான் எழுதிய நாவல்களில் நல்ல வாக்கியம் என்று நாலு பேர் சொன்னவை பெரும்பாலும் அந்த 46 மணி நேரத்திலிருந்து எடுத்தவைதாம்.

அவ்வளவையும் அண்ணாச்சியின் பெட்டியில் போட்டேன். 2018-ல் அம்மா போய்விட்டாள். அடுத்த வருஷம் என் பழைய மடிக்கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதிது வாங்கினேன். பழையதில் இருந்த பதிவுகளை எடுத்துவைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சர்வரில்தான் இருக்கிறதே!

2021-ல் ஒரு நாவலுக்கு அம்மா சொன்ன ஒரு வசவு தேவைப்பட்டது. பாதிதான் ஞாபகம் இருந்தது. அண்ணாச்சியின் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையனைக் கூப்பிட்டு அந்தப் பதிவை அனுப்பச் சொன்னேன். அரை மணி கழித்து அவன் பேசினான். குரலே சரியில்லை.

இடம் போதவில்லை என்று நாலு மாதத்துக்கு முன் 'பழைய ஒலி' என்றிருந்த பகுதி முழுவதையும் அழித்துவிட்டார்களாம். அந்த இடத்தில் பரீட்சை வினா விடைப் புத்தகங்களின் பக்கங்கள் ஏறியிருந்தன.

"பரவாயில்லை தம்பி, ரெண்டாவது டிஸ்க்ல இருக்குமே?" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"அது மிரர் சார். இதுல அழிச்சா அதுலயும் அழிஞ்சிரும்."

"எவ்வளவு நேரத்துல?"

"நேரமெல்லாம் கெடையாது சார். அப்பவே."

மிரர் என்றால் கண்ணாடி என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு கதையில் 'பிம்பம்' என்று போடுவதா, 'நிழல்' என்று போடுவதா என்று ஒரு சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்து யோசிக்கிறவன் நான். கண்ணாடியின் எதிரே நிற்கிறவன் மொட்டை அடித்துக்கொண்டால் கண்ணாடியில் இருக்கிறவனுக்கும் மயிர் போய்விடும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் அது யந்திரக்காரர்களின் சொல் என்பதால், என் காதில் அது சொல்லாகவே விழவில்லை. ஏதோ மந்திரம் போல விழுந்தது. மந்திரத்துக்கு யார் அர்த்தம் கேட்கிறார்கள்?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு இளைஞரை அண்ணாச்சி வரவழைத்தார். அழிந்ததை மீட்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். அவர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அன்று முழுவதும், அடுத்த நாளும், கேள்வி கேட்டே அவர் பிராணனை வாங்கினேன். கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவனுக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னார். பொறுமைசாலி.

முதலில் அந்தப் பெட்டிக்கு ஏன் சர்வர் என்று பெயர்? ஓட்டல் காரணமேதான். மேஜையில் உட்கார்ந்திருக்கிற மற்றக் கம்ப்யூட்டர்கள் கேட்கும். இது கொண்டுவந்து வைக்கும். கேட்கிறவனுக்கு 'கிளையன்ட்' என்று பெயர், அதாவது வாடிக்கைக்காரன். தமிழில் 'வழங்கி' என்று நல்ல சொல் ஒன்று செய்திருக்கிறார்கள். ஆபீசில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஓட்டலையே மேலும் உள்ளே போய்ப் பார்த்தால் பாதி சொற்கள் விளங்கிவிடுகின்றன. பிராசஸர் என்பது சமையல்கட்டு. அதற்குள் இருக்கிற ஒவ்வொரு 'கோரும்' ஒரு சரக்கு மாஸ்டர். ஒரே மாஸ்டர் ஒரு கல்லில் தோசை வேகும்போது மற்றொரு கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தால் அதற்கு 'த்ரெட்' என்று பேர். ராம் என்ற நினைவகம் அடுப்புக்குப் பக்கத்து மேடை. கைக்கு எட்டும், ஆனால் மின்சாரம் போனால் மேடை துடைத்துவிட்ட மாதிரி. டிஸ்க் பின்கட்டுச் சாமான் அறை. எடுக்க நேரமாகும், ஆனால் வைத்தது வைத்தபடி இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இவையெல்லாம் உண்டு. சர்வரில் என்ன விசேஷம் என்றால், எது கெட்டாலும் கடையை மூடக் கூடாது என்ற ஒரே பிடிவாதம். மற்றச் சொற்களெல்லாம் அந்தப் பிடிவாதத்திலிருந்து பிறந்தவை.

நினைவகத்தைக் காட்டி, "இது இசிசி ராம் சார்" என்றார் அந்த இளைஞர். சாதாரண நினைவகத்தைவிட விலை கூட. தப்பைத் தானே திருத்திக்கொள்ளுமாம். எனக்கு உடனே புரூப் ரீடர் ஞாபகம் வந்தது, சொன்னேன். "அதேதான் சார்" என்றார். 64 துண்டுச் செய்திக்கு 8 துண்டு கூடுதலாக எழுதிவைக்கிறார்கள். அந்த எட்டைக் கொண்டு, 64-ல் ஒன்று மாறிப்போனால் எது மாறியது என்று கண்டுபிடித்து அந்தக் கணமே திருத்திவிடலாம். இரண்டு மாறினால் திருத்த முடியாது. ஆனால் தப்பு நடந்திருக்கிறது என்று கத்தும். ஒரு வரியில் ஒரு பிழை என்றால் தானே திருத்தி, இரண்டு பிழை என்றால் மெஷினை நிறுத்தச் சொல்லுகிற புரூப் ரீடர்! அப்படி ஒருவர் கிடைத்தால் என் சம்பாத்தியத்தில் பாதியைக் கொடுக்கத் தயார்.

இந்த வித்தைக்கு மூலபுருஷர் ரிச்சர்டு ஹாமிங் என்ற கணித மேதை. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். 1940-களில் அங்கிருந்த கணக்கு யந்திரம் வாரக் கடைசியில்தான் அவர் பங்குக்குக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை கணக்கைக் கொடுத்துவிட்டுப் போவார். இடையில் ஒரு பிழை வந்தால் யந்திரம் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்தால் கை வெறுமை. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த யந்திரத்துக்கு, அது எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியாதா என்று அவருக்குக் கோபம் வந்தது. 1950-ல் வழியைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். ஒரு மனுஷனின் இரண்டு வீணான வாரக் கடைசிகள் உலகத்துக்கு எவ்வளவு உபகாரமாயிற்று பாருங்கள்.

நினைவகத்தில் எழுத்து தானாக ஏன் மாறவேண்டும் என்று கேட்டேன். ஆகாயத்துக்கு அப்பாலிருந்து வருகிற கதிர்களின் விளைவாகப் பறக்கும் ஒரு துகள் பட்டாலே போதுமாம். நான் நம்பவில்லை. 2003-ல் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் பக்கத்து ஸ்கார்பேக் என்ற ஊரில் மின்னணுத் தேர்தல் நடந்தபோது ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் அதிகமாக விழுந்திருந்தன. நடந்திருக்க முடியாத எண்ணிக்கையாக இருந்ததால் அகப்பட்டது. 4096 என்பது பன்னிரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கிய எண். யந்திரத்தின் நினைவில் ஒரே ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறினால் அந்தக் கணக்கு வரும். வேறு தவறு எதுவும் கிடைக்காததால், ஆகாயத்துத் துகளைத்தான் சந்தேகித்தார்கள். கேட்டபோது உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்தது.

அப்புறம் ரெய்டு. ரெய்டு என்றால் எனக்கு வருமான வரிக்காரர்கள் வந்து மெத்தையைக் கிழிப்பதுதான் தெரியும். இது நாலு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து. 1988-ல் கலிபோர்னியாவில், பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்ஸன், காட்ஸ் என்ற மூன்று பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு பெரிய, விலை உயர்ந்த டிஸ்குக்குப் பதிலாகப் பல மலிவான டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டினால் என்ன என்பது யோசனை. ஆனால் டிஸ்க் அதிகமானால் ஏதாவது ஒன்று கெடுகிற சந்தர்ப்பமும் அதிகம். நாலு மாடு கட்டிய வீட்டில் எப்போதும் ஒன்றுக்குக் காய்ச்சல் இருக்கும் அல்லவா? அதனால் ஒன்று கெட்டாலும் செய்தி கெடாதபடி கொஞ்சம் மிகையாக எழுதிவைக்கும் முறைகளை ஐந்து படிகளாக வகுத்தார்கள். பெயரில் 'மலிவான' என்று இருந்த சொல்லைப் பிற்பாடு 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டது தொழில். விற்கிறவன் தன் சரக்கின் மேல் மலிவு என்று எழுதுவானா?

ஒன்றாம் படி கண்ணாடி. இதில் எழுதினால் அதிலும் எழுதும். ஐந்தாம் படி கொஞ்சம் சாமர்த்தியம். மூன்று டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 7, ஒன்றில் 5, மூன்றாவதில் கூட்டுத்தொகை 12. ஐந்து தொலைந்தால் பன்னிரண்டில் ஏழைக் கழித்துக்கொள்ளலாம். யந்திரம் செய்வது வேறு தினுசுக் கூட்டல். கூட்டுத்தொகையை ஒரே டிஸ்கில் வைக்காமல் மாற்றி மாற்றி வைக்கும். அடிப்படை இதுதான். ஆறாம் படியில் இரண்டு டிஸ்க் போனாலும் சமாளிக்கும். பிற்பாடு சேர்ந்த பூஜ்யம் என்ற படி ஒன்று உண்டு. அதில் வேகம் மட்டும்தான், ஒன்று போனால் எல்லாம் போயிற்று. பூஜ்யம் என்று பெயர் வைத்தவன் யோக்கியன்.

கெட்ட டிஸ்கை யந்திரத்தை நிறுத்தாமலே உருவிவிட்டுப் புதிது சொருகலாம். அதற்கு 'ஹாட் ஸ்வாப்'. ஹாட் என்றால் சூடு அல்ல, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்று அர்த்தம். 'ஹாட் ஸ்பேர்' என்று ஒன்று. நம் காரில் இருக்கும் ஸ்டெப்னிதான், ஆனால் டயர் வெடித்ததும் தானே இறங்கி மாட்டிக்கொள்ளும் ஸ்டெப்னி. புதிதாக வந்த டிஸ்கில் பழைய செய்தி முழுவதும் திரும்ப ஏற வேண்டும். 20 டெராபைட் டிஸ்க் என்றால், வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. அந்த ஒரு நாளுக்குள் இன்னொன்றும் படுத்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் ஆறாம் படி.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்போ ரெய்டு எதுக்குத்தான் தம்பி?" என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

"டிஸ்க் கெட்டாக் கடை ஓடுறதுக்கு சார். மனுஷன் அழிச்சா அதுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க வச்சுக்கோன்னா வச்சுக்கும், அழின்னா அழிக்கும். திரும்ப வேணும்னா வேற எடத்துல நகல் இருக்கணும். அதுக்குப் பேரு பேக்கப்பு."

இதை முப்பத்தைந்து வருஷமாக அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். அண்ணாச்சிக்கு விற்றவனும் சொல்லியிருப்பான். அண்ணாச்சியும் என்னைப் போலத் தலையாட்டியிருப்பார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் திரையில் பெயர்கள் வர ஆரம்பித்தன. 'அம்மா – பஞ்சம் – 2.' 'அம்மா – ஒப்பாரி – 5.' 'அம்மா – மாமா கல்யாணம்.' நான் வைத்த பெயர்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் ஒன்றைத் திறந்தார். சத்தம் இல்லை. இன்னொன்றைத் திறந்தார், இரும்புத் தகட்டைத் தரையில் இழுப்பது போல ஒரு கரகரப்பு. பெயர்ப்பட்டியலில் மிச்சம் இருந்தது, உள்ளே வேறு எழுதிவிட்டார்கள் என்றார். டிஸ்கில் ஒன்றை அழித்தால் முதலில் போவது அட்டவணையில் உள்ள குறிப்புத்தான்; சரக்கு அப்படியே கிடக்கும். அதன் மேல் புதிது எழுதும் வரைக்கும் மீட்கலாம். அழித்த அன்றே கேட்டிருந்தால் முழுவதும் கிடைத்திருக்கும். நாலு மாதம் நான் கேட்கவில்லை. வினா விடை புத்தகங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. 46 மணி நேரமும் சேர்ந்து பிடித்திருந்த இடம் 30 ஜிகாபைட்டுக்கும் குறைவு.

அண்ணாச்சி வாசல் வரைக்கும் வந்தார். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எட்டு மாதம் அவர் ஆபீசுக்குப் போகாமல் இருந்தேன். நியாயமில்லைதான். அம்மாவின் குரலை அழித்தவரோடு காப்பி சாப்பிடக் கை வரவில்லை. அதே சமயம் அழித்தது அவரல்ல என்றும் தெரிந்திருந்தது.

அந்த இளைஞர்தான் என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, ஒருநாள் தான் வேலை பார்க்கும் ஒரு கல்லூரியின் சர்வர் அறைக்கு அழைத்துப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் குளிர்; குளிரைவிடச் சத்தம். ஆள் உயரத்துக்கு மேல் இரும்புச் சட்டங்கள். அதற்கு 'ராக்' என்று பேர். நம் வீட்டில் தட்டு கவிழ்த்துவைக்கிறோமே, அதே சொல். அகலம் 19 அங்குலம். நூறு வருஷத்துக்கு முன், 1920-களில், அமெரிக்காவில் டெலிபோன் கருவிகளை மாட்டுவதற்கு வைத்துக்கொண்ட அளவு அது. கருவிகள் எல்லாம் மாறியும் சட்டம் மாறவில்லை. உயரத்துக்கு 'யூ' என்று ஒரு அலகு. ஒரு யூ என்பது ஒன்றே முக்கால் அங்குலம். ஒரு முழு ராக்கில் வழக்கமாக 42 யூ. ஒரு யூ சர்வரைப் பார்த்தால் பட்டுப்புடவை அட்டைப்பெட்டியை நீளவாட்டில் இழுத்த மாதிரி இருக்கிறது. அவ்வளவு ஒல்லியான பெட்டிக்குள் சின்ன விசிறிதான் பிடிக்கும். சின்ன விசிறி போதுமான காற்றைத் தர வேண்டுமானால் வெறிபிடித்துச் சுற்ற வேண்டும். அதுதான் அந்த ஓலம். 'பிளேடு' என்று இன்னொரு ஜாதி: மின்சாரமும் விசிறியும் பொதுவில் வைத்துக்கொண்டு ஒரே கூட்டுக்குள் நெருக்கி நிற்கும் கூட்டுக் குடும்பம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் இரண்டு மின்கம்பிகள். ஒன்று போனால் மற்றது. சர்வர் நிறுத்தியிருக்கும்போதும் உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் விழித்தே இருக்குமாம். வெளியூரிலிருந்து அதைக் கூப்பிட்டு, பெரியவனை எழுப்பச் சொல்லலாம். திண்ணையில் படுத்திருக்கும் காவல்காரக் கிழவர் மாதிரி. அதன் பெயர் நீளம். எனக்குக் கிழவரே போதும்.

கோடியில் ஒரு கருவியைக் காட்டினார். நாடா! பழைய காஸெட் போலப் பேழைக்குள் காந்த நாடா. இன்றைக்கும் பெரிய ஸ்தாபனங்களில் நகலை இதில் எழுதி, வெளியே எடுத்து, வேறு கட்டடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். "கையில எடுத்துட்டா யாராலயும் இங்கேயிருந்து அழிக்க முடியாது சார்" என்றார். மூன்று நகல், இரண்டு வித சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது அவர்கள் கணக்கு.

வேறு ஊர் என்றதும்தான் அக்காவின் நினைவு வந்தது. கோவில்பட்டியில் அக்கா வீட்டில், மெமரி கார்டு போட்டுக் கேட்கிற சின்ன ஸ்பீக்கர் ஒன்று உண்டு. 2014-ல் அம்மா பேசியதில் கொஞ்சம் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தேன். டெலிபோன் செய்தேன்.

"அது இருக்கே தம்பி. அடுப்படியில கெடக்கு. காலையில அம்மா பேசுறதப் போட்டுட்டுத்தான் எல கிள்ளுவேன்" என்றாள்.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அந்தக் கார்டில் 11 மணி நேரம் இருந்தது. மற்ற 35 மணி நேரமும் இல்லை. நான் தேடிய வசவும் இல்லை. நாவலில் அந்த இடத்தில் நானே ஒன்றைக் கட்டி எழுதினேன்; படிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது.

பஞ்சத்துக் கதையின் முதல் பாகம் மட்டும் அக்காவிடம் இருந்தது. இரண்டாவது பாகத்தின் பெயரைத்தான் நான் திரையில் பார்த்தேன். போன தை மாதம் கருவியை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனேன். "உனக்குத் தெரியுமே அக்கா, நீ சொல்லு" என்றேன்.

"அம்மா சொல்ற மாதிரி வராதுடா."

"பரவாயில்ல."

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கருவியை ஒரு தடவை பார்த்தாள். கிழக்கேயிருந்து வந்த வண்டியில் கம்பு இருந்தது என்று ஆரம்பித்தாள். அம்மா கேழ்வரகு என்று சொன்னதாக எனக்கு ஞாபகம். குறுக்கிடவில்லை. நாற்பது நிமிஷம் சொன்னாள். அன்று ராத்திரியே அதை மடிக்கணினியில் ஒன்று, தனி டிஸ்கில் ஒன்று, அக்காவின் மெமரி கார்டில் ஒன்று என்று ஏற்றினேன். தனி டிஸ்கை ஊருக்குத் திரும்பியதும் அண்ணாச்சியின் இரும்புப் பெட்டியில் கொண்டுபோய் வைத்தேன். எங்கும் சொருகாமல், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள். அவர் சாவியைத் திருப்பிவிட்டு, காப்பி வரச் சொன்னார்.